சிங்கப்பூரில் 14 மணி நேரக் காத்திருப்பு: முழங்கால் வலியுள்ள அம்மாவை வெளியே அழைத்துச் செல்லலாமா?

பாளையங்கோட்டை வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கார்த்திகை மாதக் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு மெல்பர்ன் செல்லவிருக்கிறேன். அங்கிருக்கும் என் தங்கைக்குத் தலைப்பிரசவம். அம்மா மூன்று மாதம் தங்கிப் பேறுகாலம் பார்ப்பார். நான் சில வாரங்களில் திரும்பிவிடுவேன். பாளையங்கோட்டையிலிருந்து காரில் திருவனந்தபுரம் போய், அங்கே இரவு விமானம் ஏறி, காலை 6.30 மணிக்குச் சிங்கப்பூரில் இறங்குகிறோம். மெல்பர்ன் விமானம் அன்று இரவு 8.30 மணிக்குத்தான் புறப்படுகிறது.

அம்மாவுக்கு வயது 66. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் இருக்கிறது. சமதரையில் அரை மணி நேரம் மெதுவாக நடப்பார், அதற்குமேல் உட்கார வேண்டும். படி ஏறுவது சிரமம். சைவச் சாப்பாடு மட்டுமே சாப்பிடுவார். விமானத்தில் ஏறுவதும் அவருக்கு இதுதான் முதல் முறை.

ஆனாலும் சிங்கப்பூர் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய தாய்மாமா அங்கே வேலை பார்த்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் தகரப்பெட்டி நிறையத் துணியும் கோடாலித் தைலமும் கொண்டுவந்து தெரு முழுக்கக் கொடுப்பாராம். "மாமா இருந்த ஊரை ஒரு தடவை காலால் மிதித்துவிட்டால் போதும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பேசாமல் விமான நிலையத்திலேயே இருங்கள் என்கிறார் ஒருவர். 14 மணி நேரத்தில் செந்தோசா, மெரினா பே, பறவைப் பூங்கா எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். எங்களிடம் ஆஸ்திரேலிய விசா மட்டுமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வெளியே போக முடியுமா, பெட்டிகளை என்ன செய்வது, போனால் அம்மாவின் காலுக்கு ஏற்ற இடம் எது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நெல்லைச் சந்திப்பு எழுதுகிறார்:

சகோதரி, இடங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பயணச்சீட்டையும் விசாவையும் எடுத்துப் பாருங்கள். வெளியே போக முடியுமா என்பதை அவை இரண்டும்தான் முடிவு செய்யும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா தேவை. ஆனால் வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குகிறவர்களுக்கு 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் உள்ளே வந்து போகும் வசதியை அந்நாடு வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழையும் நாளிலிருந்து அதற்கு ஒரு மாதமாவது காலம் மீதி இருக்க வேண்டும். 96 மணி நேரத்துக்குள் புறப்படும் பயணச்சீட்டும் உறுதியாகியிருக்க வேண்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் இருவருக்கும் இது பொருந்தும். இருந்தாலும் அனுமதிப்பதும் மறுப்பதும் குடிநுழைவு (இமிகிரேஷன்) அதிகாரியின் முடிவு என்பதால், ஆஸ்திரேலிய விசா வழங்கிய கடிதத்தைக் கைப்பேசியில் மட்டும் நம்பி வைக்காமல் இரண்டு படிகள் அச்செடுத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முன்பு சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்தில் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள். இத்தகைய விதிகள் அவ்வப்போது மாறும்.

வெளியே போவதென்று முடிவு செய்தால் இருவருக்கும் தனித்தனியாக வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அன்று என்று புரிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள். அங்கே இப்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி மின்னஞ்சலுக்கு வரும் என்பதால் முகவரியைத் தவறில்லாமல் எழுதுங்கள். நிலையத்துக்குள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறுவதாக இருந்தால் இந்த அட்டை தேவையில்லை.

அடுத்து, உங்களுடையது ஒரே பயணச்சீட்டா, இரண்டு சீட்டுகளா? இதைக் கேட்காமல் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். மெல்பர்ன் வரை ஒரே சீட்டாக இருந்தால், திருவனந்தபுரத்தில் பெட்டியைப் போடும்போதே மெல்பர்ன் வரைக்கும் ஒட்டுச்சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். இரண்டாவது விமானத்துக்கான போர்டிங் பாஸையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று இரண்டு சீட்டுகளைத் தனித்தனியாக வாங்கியிருந்தால், சிங்கப்பூரில் குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி புறப்பாட்டுப் பகுதிக்கு வந்து போட வேண்டியிருக்கும். அப்படியானால் உள்ளே நுழையும் தகுதி விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்காது, கட்டாயமாகிவிடும். திருவனந்தபுரத்தில் விமான நிறுவனத்து ஊழியர்களே அதைச் சரிபார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

நேரக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் இறங்கும் காலை 6.30 என்பது நம் ஊரில் அதிகாலை 4 மணி. இரவு 8.30 விமானத்துக்கு மாலை 5.30 மணிக்காவது நிலையத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். நகரத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிநுழைவு, குளியல், காலைச் சாப்பாடு எல்லாம் கழித்தால் ஊருக்குள் நிற்கக் கிடைப்பது ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. அதில் செந்தோசாவும் மெரினா பேயும் பறவைப் பூங்காவும் ஒன்றாக அடங்காது. பறவைப் பூங்கா தீவின் வடபுறம், செந்தோசா தென்கோடி.

அம்மா பேருந்தில் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்தால் போதும் என்றால், சாங்கி விமான நிலையமே இடைப்பயணிகளுக்கு இலவசச் சுற்றுலா நடத்துகிறது. ஐந்தரை மணி முதல் 24 மணி நேரம் வரை காத்திருப்பு உள்ளவர்கள் பதிவு செய்யலாம், சுற்று இரண்டரை மணி நேரம். அதற்கும் நாட்டுக்குள் நுழையும் தகுதி இருக்க வேண்டும். இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் இணையத்தில் முன்கூட்டியே பதிவதுதான் நல்லது.

கடையநல்லூர் நெசவாளர் பேரன் எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். சந்திப்பு அண்ணாச்சி சொன்னவை அனைத்தும் சரி. இலவசச் சுற்றுலாவைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. மாமா இருந்த ஊரை மிதிக்க வேண்டும் என்று கேட்கிற அம்மாவுக்குப் பேருந்துச் சன்னல் வழியாக உயரமான கட்டடங்களைக் காட்டினால் அது எந்த ஊராகவும் இருக்கலாம். நம் மக்கள் இறங்கி, நின்று, கோயிலும் பள்ளிவாசலும் கட்டிய இடம் இன்றும் அங்கே அப்படியே இருக்கிறது. அதுவும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில்.

நிலையத்திலிருந்து எம்ஆர்டி ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தமே எக்ஸ்போ. அங்கே இறங்கி டவுன்டவுன் தடத்துக்கு மாறினால், அதற்குப் பிறகு மாற வேண்டியதில்லை. சைனாடவுன் நிலையத்தில் இறங்குங்கள். எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. அறிவிப்புப் பலகையில் அதன் அடையாளத்தைப் பார்த்துப் போனால் அம்மா ஒரு படிகூட ஏற வேண்டியிருக்காது. பயணச்சீட்டு வாங்கி நேரத்தைக் கடத்தாமல், வெளிநாட்டில் பயன்படும் வங்கி அட்டையை வாயிலில் தொட்டே உள்ளே போகலாம். அம்மாவுக்கு வேறொரு அட்டை வேண்டும், ஒரே அட்டையில் இருவர் போக முடியாது. வண்டிக்குள் தண்ணீர் குடிப்பதற்கும் தடை உண்டு, அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும். ரயிலில் ஏறுவதற்கு முன்பே அம்மாவைத் தண்ணீர் குடிக்க வைத்துவிடுங்கள்.

சைனாடவுனில் வெளியே வந்ததும் பகோடா தெரு. வண்டிகள் ஓடாத தெரு, தரை சமம். அதன் மறுகோடியில் நிற்பது சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் மரத்தாலும் கீற்றாலும் எழுப்பிய கோயில் அது. சிங்கப்பூரின் இந்துக் கோயில்களில் மிகப் பழையது. சீனர் கடைகளுக்கு நடுவே நம் ஊர்க் கோபுரம் எழுந்து நிற்பதையும், மதில்மேல் வரிசையாகப் பசுக்கள் படுத்திருப்பதையும் அம்மா பார்க்க வேண்டும். ஐப்பசியில் தீபாவளிக்குச் சற்று முன்பாக இங்கேதான் தீமிதி நடக்கும். நீங்கள் போகும்போது அது முடிந்திருக்கும். நம் ஊர்க் கோயில்களைப் போலவே உச்சிக்காலத்துக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பகல் 11 மணிக்குள் போய்ச் சேருங்கள்.

அதே சாலையில், கோயிலுக்குச் சில அடி தள்ளி ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1826இல் தொடங்கியது. அதன் முகப்பை நின்று பாருங்கள். இரண்டு எண்கோண மினாராக்களுக்கு நடுவே, உள்ளங்கை அளவுச் சன்னல்களும் கதவுகளும் வைத்த ஒரு குட்டி அரண்மனையையே சுவராகச் செய்துவைத்திருப்பார்கள். அக்காலத்துக் கொத்தனாரின் கை நுணுக்கத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

அங்கிருந்து தெலுக் ஆயர் தெருவுக்கு ஒரு டாக்சி பிடித்துவிடுங்கள். நடக்கக்கூடிய தூரம்தான், ஆனால் அம்மாவின் காலைச் சேமித்து வைக்க வேண்டும். இன்று அந்தத் தெருவிலிருந்து கடல் கண்ணுக்கே தெரியாது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கு முன்பு அதுதான் கரை. கப்பலில் வந்தவர்கள் படகில் இறங்கி முதலில் கால் வைத்தது அங்கேதான். உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல அவரவர் வழிபாட்டிடத்தை அந்தக் கரையிலேயே கட்டினார்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா, சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில், நம்மவர்கள் குச்சுப் பள்ளி என்று அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசல் ஆகிய மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. நாகூர் தர்கா இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது.

இதை நான் இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. கைத்தறி நொடித்த காலத்தில் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூருக்குப் போனார்கள். மற்ற ஊர்களிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் மட்டும் போய்வந்த நாளில், எங்கள் ஊர்ப் பெண்களும் கப்பலேறினார்கள். துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் குடியிருந்து, ஆண்கள் துறைமுக வேலைக்குப் போக, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றார்கள். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறியவர். பாட்டியின் வலது உள்ளங்கை கடைசிவரை காய்த்துப்போயே இருந்தது. 1941இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைந்தது. அதன் முயற்சியில் 1946இல் தொடங்கிய தமிழ்ப் பள்ளிக்கு எட்டயபுரத்து உமறுப் புலவரின் பெயரை வைத்தார்கள். பள்ளி 1982இல் மூடப்பட்டாலும், அந்தப் பெயர் இன்றும் ஒரு தமிழ்மொழி நிலையத்துக்கு இருக்கிறது.

உங்கள் அம்மாவின் மாமாவும் தஞ்சோங் பகாரில் இருந்திருந்தால், அங்கே போய்ப் பழைய வீட்டைத் தேட வேண்டாம். அந்தக் குடியிருப்புகள் போய் வானளாவிய கட்டடங்கள் வந்துவிட்டன. தெலுக் ஆயர் தெருவில் நின்று "மாமா இந்தப் பக்கமாகத்தான் நடந்திருப்பார்" என்று சொல்லுங்கள், அது பொய்யாக இருக்காது.

சாப்பாட்டுக்குச் சைனாடவுன் நிலையத்திலிருந்து வடகிழக்குத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. தேக்கா சந்தையும் சிராங்கூன் சாலையும் அங்கேதான். 1947இல் தொடங்கிய கோமள விலாஸில் அம்மா நிம்மதியாகச் சாப்பிடலாம். கோடாலித் தைலம் சிங்கப்பூரிலேயே தயாராவது, அந்தத் தெருவின் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அம்பாசமுத்திரம் செவிலி எழுதுகிறார்:

தங்கச்சி, கடையநல்லூர் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கே போக வேண்டும் போலிருந்தது. ஆனால் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் அம்மா முந்தைய நாள் மாலையிலிருந்து காரிலும் விமானத்திலும் உட்கார்ந்தே வந்து, நம் ஊர்க் கணக்கில் அதிகாலை 4 மணிக்கு இறங்குகிறார். அன்றிரவு மறுபடி ஏழு மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டும். நடுவில் ஒருமுறையாவது முழுதாகக் காலை நீட்டிப் படுக்காவிட்டால், மெல்பர்னில் இறங்கும்போது பாதம் வீங்கி, பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனவரை மற்றவர்கள் பார்க்க வேண்டியதாகிவிடும்.

ஆகவே இறங்கியதும் குடிநுழைவுக்கு ஓடாதீர்கள். இடைப்பயணப் பகுதியிலேயே ஓய்வெடுக்கச் சாய்வு இருக்கைகள் உள்ள அமைதியான இடங்கள் இருக்கின்றன, கட்டணம் கிடையாது. கொஞ்சம் செலவு செய்ய முடியுமானால், உள்ளேயே மணிக்கணக்கில் அறை தரும் இடைப்பயண விடுதியில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வெந்நீர்க் குளியலும் கட்டிலும் கிடைத்தால் அம்மா புது ஆளாகிவிடுவார். காலை 7 மணியிலிருந்து 9.30 வரை படுத்து எழுந்து, பிறகு வெளியே போனாலும் 11 மணிக்குள் மாரியம்மனைப் பார்த்துவிடலாம்.

சக்கர நாற்காலி உதவியை விமான நிறுவனத்திடம் இரண்டு நாளாவது முன்னதாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நடக்க முடிகிறவர் எதற்கு நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். சாங்கியில் ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதே நீண்ட நடை. அந்த நடையை மிச்சப்படுத்தினால்தான் கோயில் வாசலில் நிற்கக் காலில் தெம்பு இருக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெப்பமானியில் 31 டிகிரி என்றுதான் காட்டும், பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்தத் தீவில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராமல் உடம்பிலேயே நிற்கும், களைப்பு சீக்கிரம் வரும். நீங்கள் போகும் கார்த்திகை, மார்கழி அங்கேயும் வடகிழக்குப் பருவமழைக் காலம், திடீரென்று கொட்டும். பழைய தெருக்களில் கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரை போட்ட நடைபாதை விடாமல் ஓடும். வெயிலுக்கும் மழைக்கும் அதற்குள்ளேயே நடக்கலாம், ஆனால் கடைக்குக் கடை தரை மட்டம் மாறிச் சின்னப் படி வரும். அம்மாவின் கையை விடாதீர்கள்.

என் கருத்தில் மாரியம்மன் கோயில், தெலுக் ஆயர், பிறகு சிராங்கூன் சாலைச் சாப்பாடு என்ற மூன்றில் ஏதாவது இரண்டுதான் அம்மாவால் முடியும். எந்த இரண்டு என்பதை அன்று காலை அவர் நடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மழை விடாமல் பெய்தாலும், அதிகாரி அனுமதி மறுத்தாலும் மனம் உடைய வேண்டாம். மூன்றாம் முனையத்தின் இடைப்பயணப் பகுதியில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. தட்டில் வைத்த பழத்துண்டுகளின் மேல் இறக்கையை மெல்லத் திறந்து மூடியபடி பூச்சிகள் உட்கார்ந்திருக்கும், கூட்டுப்புழுக்களைக் கண்ணாடிக்குள் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். காலை வெளிச்சத்தில்தான் அவை நன்றாகப் பறக்கும். நிலையத்தை ஒட்டிய ஜூவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியை அருகில் பார்க்கக் குடிநுழைவைக் கடந்தாக வேண்டும். கடக்க முடியாதவர்கள் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயினில் ஏறினால் வண்டி அந்த மண்டபத்தின் ஊடாகவே போகும். குற்றாலம் பார்த்த கண்ணுக்கு இது சின்னதுதான். என்றாலும் ஒரு கூரைக்கு அடியில் அத்தனை மரங்களுக்கு நடுவே தண்ணீர் விழுவதை அம்மா ரசிப்பார்.

பாளையங்கோட்டை வாசகி எழுதுகிறார்:

சந்திப்பு அண்ணாச்சிக்கும் கடையநல்லூர் அண்ணனுக்கும் அம்பை அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. எங்களுடையது ஒரே பயணச்சீட்டு என்பதை இன்று உறுதி செய்துகொண்டேன். சக்கர நாற்காலிக்கும் சொல்லிவிட்டேன். இரண்டரை மணி நேரத் தூக்கம், பிறகு மாரியம்மன் கோயிலும் தெலுக் ஆயரும், காலில் வலு மிச்சமிருந்தால் சிராங்கூன் சாலை என்று வைத்திருக்கிறோம். கடையநல்லூர் அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய மாமாவும் துறைமுகத்தில்தான் வேலை பார்த்தாராம், இத்தனை நாள் எனக்கு இது தெரியாது. தங்கைக்காக அல்வாவும் பேறுகால மருந்தும் கட்டிவைத்திருக்கிறார். அவற்றில் எதைக் கைப்பையில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

தென்காசி மளிகை எழுதுகிறார்:

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டித் தருவது எங்கள் கடையில் அன்றாட வேலை என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன் அக்கா.

அல்வாவைக் கைப்பையில் வைக்காதீர்கள். நெய் வழியும் கெட்டிக் கூழ் போன்ற பண்டங்களைப் பாதுகாப்புச் சோதனையில் திரவத்தோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள், 100 மில்லிக்கு மேற்பட்டால் எடுத்துவிடுவார்கள். லேகியம், ஊறுகாய், நெய் மூன்றுக்கும் இதே கதிதான். சிங்கப்பூரில் எடுத்துப் போட்டால் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவார். எல்லாவற்றையும் மெல்பர்ன் வரை நேராகப் போகும் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மசாலாச் சாமானில் கசகசா இருந்தால் இப்போதே பிரித்து எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் புகையிலையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை. சூயிங்கமும் கொண்டு போகக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது தரும் அட்டையில், உணவு, மூலிகை, விதை எது இருந்தாலும் இருக்கிறது என்று குறியுங்கள். சொல்லிவிட்டால் அவர்கள் பிரித்துப் பார்த்து, ஆகாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், அபராதம் இருக்காது. சொல்லாமல் மறைத்தது தெரிந்தால் அபராதம் உடனே விழும். நெய், பால் சேர்ந்த பண்டங்கள் போகுமா என்பதை அவர்களுடைய அரசுத் தளத்தில் பார்த்துவிட்டு அல்வாவின் அளவை முடிவு செய்யுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, வெற்றிலை, பழம் எதுவும் ஆகவே ஆகாது.

கைப்பையில் வைக்க வேண்டியவை மிகக் குறைவு. அம்மாவின் மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாற்றுப் புடவை, காலுறை, மெல்லிய கம்பளி வேண்டும். வெளியே எவ்வளவு புழுக்கமோ அவ்வளவு குளிர் ரயிலிலும் நிலையத்திலும் இருக்கும். ஊருக்குள் போகும்போது பையைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், நிலையத்திலேயே காசு கொடுத்து வைத்துவிட்டுப் போகலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். உணவங்காடிகளில் சீனர்கள் நடத்தும் சைவக் கடைகள் உண்டு, சுத்தமானவை. ஆனால் சோயாவிலும் காளானிலும் கோழி, மீன் போலவே செய்து அடுக்கியிருப்பார்கள். முதல் முறை பார்க்கும் அம்மா பதறிவிடுவார் என்பதால் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள், அல்லது நேராகச் சிராங்கூன் சாலைக்கே போய்விடுங்கள். அங்கிருந்து விமான நிலையத்துக்குத் திரும்ப டவுன்டவுன் தடத்தில் ஏறி எக்ஸ்போவில் ஒரு தடவை மாறினால் போதும், ஆனாலும் அம்மாவின் காலுக்கு டாக்சியே மேல். மாலை நெரிசல் நேரத்தில் டாக்சிக் கட்டணத்தோடு கால் பங்கு கூடும், பயண நேரமும் நீளும். 4.30 மணிக்கே வண்டி ஏறிவிடுங்கள்.

தண்ணீர் வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டாம், அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். நான்காம் முனையம் தவிர்த்த மற்ற முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலில்தான் நடக்கும். நடுவில் எவ்வளவு தண்ணீர் பிடித்திருந்தாலும் அந்த இடத்தில் கொட்டச் சொல்வார்கள். காலிப் புட்டியோடு சோதனையைக் கடந்து, உள்ளே இருக்கும் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொண்டால் இரவு முழுவதும் அம்மா மாத்திரை போட ஆகும்.